பழுப்புச் சாயல்

இரண்டு நிமிடம் சாம்பல் நிற அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கண் தான் கடைசியாகக் கண்ட நிறத்தை மறக்கும்வரை. மறந்த பிறகே கல்லைப் பார்க்கலாம், அதுவும் மூன்று வினாடி, அதற்கு மேல் கூடாது, ஏனென்றால் ஒரே நிறத்தில் நிலைத்து நிற்கிற கண் களைத்துப்போய் அதன் எதிர் நிறத்தைத் தானே உண்டாக்கிக் கல்லின் மேல் பூசிவிடும், பிறகு நாம் பார்ப்பது கல்லை அல்ல, நம் களைப்பை. முதல் பார்வையே தீர்ப்பு. வைரத்துக்குத் தரம் எழுதும் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் இதைத்தான் சொன்னேன், இதன்படிதான் நடந்தேன். அப்படியானால் தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, வலது கண்ணால், ஒரே பார்வையில். பிறகு எதற்காக நான்காவது முறையாகச் சாம்பல் அட்டையின் முன் உட்கார்ந்திருக்கிறாய் உமையாள், யாரிடம் மேல்முறையீடு செய்கிறாய்? அடுக்களையில் பாத்திரம் உருள்கிறது. சிகப்பி வாணலியைத் தேடுகிறாள். எந்த வீட்டுக்குப் போனாலும் பத்து நிமிடத்தில் அடுப்பைத் தன் வசமாக்கிக்கொள்கிற என் தங்கை. "ஆச்சி, கும்மாயத்துக்கு உளுந்து எத்தனை பங்கு, பயறு எத்தனை பங்கு?" என்று அங்கிருந்தே அக்காவான என்னைக் கேட்கிறாள். "எனக்கென்ன தெரியும், ஒன் கைக்கு வந்தபடி போடு." "கைக்கு வந்தபடி போட்டா களிதான் வரும் ஆச்சி, கும்மாயம் வராது." அவளுக்கு அறுபத்திரண்டு வயது, இன்னும் என்னைக் கேட்காமல் ஒரு பிடி உளுந்து போட முடியவில்லை. மேசை மேல் விளக்குப் பெட்டிக்குள் வெள்ளைத் தட்டு, தட்டில் இரண்டு இளஞ்சிவப்பு வைரங்கள், எங்களைப் பெற்ற ஆத்தாவின் தோட்டில் இருந்தவை. வலப்பக்கத்துக் கல் சிகப்பியுடையது, இடப்பக்கத்துக் கல் என்னுடையது. ஆறு வருடத்துக்கு முன் பிரித்தவள் நான். நல்லதை அவளுக்குக் கொடுத்தேன், மட்டமானதை நான் எடுத்துக்கொண்டேன். இன்று பத்து மணி ஐந்து நிமிடம்வரை அது உண்மையாக இருந்தது. அந்த இனிப்பைக் கிண்டி முடித்ததும் அவள் இந்த அறைக்குள் வந்து நிற்பாள், கல்லை மாற்றிக்கொள்வோமா என்று கேட்பாள், நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

வெள்ளை வைரத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்ப்பார்கள், அதில் நிறம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள. நிற வைரத்தை நிமிர்த்தி வைத்துப் பார்ப்பார்கள், அதில் நிறம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள. ஒன்றில் குற்றமானது மற்றொன்றில் குணம். கல்லூரியில் நிலவியல் படித்து முடித்து வந்த புதிதில் இந்த முரண் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அதற்காகவே இந்த வேலையில் தங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். முதலில் எந்த நிறம், அடுத்து எவ்வளவு அடர்வு, அதற்கடுத்து எவ்வளவு இருட்டு. உள்ளே ஒரு கீற்று ஓடினாலும், ஓரத்தில் ஒரு புள்ளி நின்றாலும், நிறம் சரியாக இருந்தால் மன்னிக்கலாம். மன்னிக்கக் கூடாதது சாயல். இளஞ்சிவப்பு என்று எழுதி நிறுத்தினால் அது ஒரு கல். இளஞ்சிவப்பு, பழுப்புச் சாயல் என்று எழுதினால் அது வேறொரு கல்; அந்த இரண்டு சொல் மதிப்பில் பாதியை எடுத்துவிடும், சில நேரம் பாதிக்கு மேலும். ஆங்கிலத்தில் அதற்கு நிறத்தின் பின்னால் 'இஷ்' என்று ஒரு வால் போதும். தமிழில் என்ன சொல்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை, நான்தான் சாயல் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல தேர்வு என்று இன்றும் நினைக்கிறேன். கண்ணாடியில் பார்க்கும்போது மட்டும் அந்தச் சொல் உறுத்தும், ஏனென்றால் சிகப்பிக்கு ஆத்தாவின் சாயல், அந்த நெற்றி, அந்த மேலுதடு, எனக்கு அது இல்லை. அப்பச்சியைப் பெற்ற அப்பத்தாளின் பெயர் அவளுக்கு, அவள் நிறமோ மாநிறம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிகப்பி கறுப்பி என்று பாடினார்கள், அவள் அவர்களோடு சேர்ந்து தானும் பாடினாள். நானாக இருந்தால் அடித்திருப்பேன். அவள் பாடினாள்.

கல் பார்க்கிற நாளில் நான் நிறப் புடவை கட்டுவதில்லை, வெள்ளை அல்லது சாம்பல், ஏனென்றால் புடவையின் நிறம் கல்லின் பட்டைகளுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கல்லைப் பிரித்த அன்றும் வெள்ளைதான் கட்டியிருந்தேன். ஆத்தா போய் இருபத்திரண்டாம் நாள். சிகப்பி கடுகு நிறத்தில் ஒரு புடவை கட்டியிருந்தாள், எதிரே உட்கார்ந்திருந்தாள், ஆகவே அந்தக் கடுகு நிறம் கல்லுக்குள் ஏறியிருக்கலாம், ஆகவே பிழை அவள் புடவையுடையது. இல்லை. விளக்குப் பெட்டிக்கு மூன்று பக்கமும் சுவர் இருக்கிறது, எதிரே உட்கார்ந்தவளின் புடவை உள்ளே வர வழியில்லை. இதை ஐந்து நிமிடத்துக்கு முன்பும் யோசித்தேன், இதே இடத்தில் விட்டேன், திரும்பவும் அந்தப் புடவையிடமே போகிறேன், தப்பிப்பதற்கு வேறு கதவு இல்லாதவள்போல. ஆசாரி தோட்டைப் பிரித்து நடுக்கற்கள் இரண்டையும் தனியே எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆத்தாவைப் பெற்ற ஐயா இரங்கூனிலிருந்து கொண்டுவந்தவை, ஒரே கல்லை இரண்டாகப் பிளந்ததுபோல இருக்கும் என்று ஆத்தா சொல்வார்கள், எழுபது வருடம் ஒன்று வலது காதிலும் ஒன்று இடது காதிலும் இருந்தன. நான் பார்த்தேன். சாம்பல், கல், சாம்பல், கல். இவை ஜோடியே அல்ல என்றேன். சிகப்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆத்தா காதுல ஒண்ணாத்தானே இருந்துச்சு ஆச்சி?" "காதுல இருக்கும்போது நடுவில ஒரு முகம் இருந்துச்சு. இப்பப் பக்கத்துல பக்கத்துல இருக்கு." இது நன்றாகச் சொல்லப்பட்ட வாக்கியம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஒன்று தூய இளஞ்சிவப்பு, மற்றது பழுப்பேறியது. பொட்டலம் மடிக்கும் தாளில் ஒன்றின் மேல் இளஞ்சிவப்பு என்றும், மற்றதின் மேல் இளஞ்சிவப்பு, பழுப்புச் சாயல் என்றும் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மூத்தவள் முதலில் எடுக்க வேண்டும் என்பது முறை. நான் மட்டமானதை எடுத்துக்கொண்டு, நல்லதை அவள் பக்கம் தள்ளினேன். "வேண்டாம் ஆச்சி" என்றாள். "எடு. தீர்ப்புச் சொன்னவ நல்லதை எடுத்தா ஊர் என்ன சொல்லும்?" ஊர் என்று சொன்னேன். அங்கே ஊர் இல்லை, நாங்கள் இருவர்தான் இருந்தோம். அந்த வினாடி எனக்குள் ஏதோ நிமிர்ந்து நின்றது. அது பாசம் அல்ல என்று எனக்குத் தெரியும், தெரிந்தே அதை நிற்க விட்டேன்.

இந்தச் சுவர் வெள்ளை. இதை நான் ஐந்து வாரத்துக்கு முன்தான் தெரிந்துகொண்டேன். நான்கு வருடத்துக்கு முன் பெயின்டரை மூன்று முறை திருப்பியனுப்பினேன், வெள்ளை கேட்டால் சந்தன நிறத்தைப் பூசி வைத்திருக்கிறாய் என்று. "வெள்ளைதாம்மா, டப்பாவப் பாருங்கம்மா" என்றார். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க எனக்குத் தெரியும், நிறம் பார்க்கவும் தெரியும் என்றேன். மூன்றாம் முறை அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாளியை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம் என்று இப்போது தெரிகிறது. வலது கண்ணில் புரையை எடுத்த டாக்டர், என் மகன் வயதுகூட இராது, கட்டை அவிழ்த்துக்கொண்டே, "எப்பவோ பண்ணியிருக்கணும் மேடம், உங்க லென்ஸ் டீத்தண்ணி மாதிரி இருந்துச்சு" என்றார். எத்தனை வருடமாக இருக்கும் என்று கேட்டேன். "ஒரு நாள்ல வர்றது இல்லையே, பத்து வருஷமாவே கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கும்." கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைக் கண் உணராது, உலகம் பழுத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். மஞ்சள் கண்ணாடி ஊதாவைத் தின்றுவிடும், இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது, இதை நான் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். ஊதா கலந்த இளஞ்சிவப்பு அதன் வழியே தூய இளஞ்சிவப்பாகத் தெரியும். தூய இளஞ்சிவப்பு அதன் வழியே பழுப்பேறித் தெரியும். இப்போது வலது கண்ணை மூடுகிறேன். இடது கண், இன்னும் புரை எடுக்காத கண், ஆறு வருடத்துக்கு முன் சொன்னதை எழுத்துப் பிசகாமல் சொல்கிறது: வலப்பக்கத்துக் கல் தூயது, இடப்பக்கத்துக் கல் பழுப்பு. பொய்ச் சாட்சி அல்ல அது, தான் கண்டதை நம்பிச் சொல்கிற சாட்சி. இடது கண்ணை மூடுகிறேன். வலப்பக்கத்தில் சிகப்பியின் கல் ஊதாச் சாயலோடு இருக்கிறது, அழகானதுதான், குறை சொல்ல மாட்டேன். இடப்பக்கத்தில் என் கல், நான் தியாகம் செய்து எடுத்துக்கொண்ட கல், எந்தச் சாயலும் இல்லாமல் விடிகாலை வானத்தின் ஓரம்போல, சீச்சீ, உவமை வேண்டாம். எந்தச் சாயலும் இல்லாத இளஞ்சிவப்பு. அவ்வளவுதான். ஆய்வகத்தில் ஒரு கல்லை மூன்று பேர் தனித்தனியே பார்ப்போம், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் எழுதுவோம், ஆகவே அங்கே என் கண் பழுத்திருந்தாலும் மற்ற இரண்டு பேர் இருந்தார்கள். வீட்டில் நான் ஒருத்தியே மூன்று பேராக இருந்தேன்.

"ஆச்சி, வெல்லமா கருப்பட்டியா, ஆத்தா எது போடுவாக?" கருப்பட்டி என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. "ரெண்டும் போடுவாக" என்றேன், அது சரியா என்று தெரியாமலே, அவ்வளவு உறுதியாக. பொட்டலத்தை நான் ஆறு வருடமாகத் திறக்கவில்லை. ஒரு முறைகூட. இரும்புப் பெட்டியில் வைத்தேன், மூடினேன். செய்த தியாகத்தை எடுத்து எடுத்துப் பார்ப்பது அற்பத்தனம் என்று எண்ணினேன். பார்க்கவில்லை, ஆனால் பயன்படுத்தினேன். எத்தனை முறை? நேர்மையாகச் சொல். நான்கு. அவள் பேரனுக்குக் காது குத்தியபோது, யார் மடியில் உட்கார வைப்பது என்ற பேச்சில் ஒரு முறை. அவள் வீட்டுக்காரர் தவறியபின் அவளை இங்கே வந்து என்னோடு இரு என்று சொல்லி, அவள் மாட்டேன் என்றபோது ஒரு முறை. ஒரு முறை காரணமே இல்லாமல், சாப்பிடும்போது, யார் யாரோ உட்கார்ந்திருக்கையில், "நல்ல கல்லு எங்க தங்கச்சிகிட்ட இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த நோட்டு. ஆத்தா கைப்பட எழுதிய நோட்டு, பலகார அளவுகளும் கைமருந்தும், நாற்பது பக்கம் இருக்கும், அட்டை போனது. சிகப்பி அதைக் கேட்டாள். "நல்ல கல்லு ஒங்கிட்ட இருக்கு, நோட்டாவது எங்கிட்ட இருக்கட்டும்" என்றேன். "எனக்கு அதைப் பாத்துச் செய்யணும் ஆச்சி." "ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன்." "ஜெராக்ஸ்ல ஆத்தா கை இருக்குமா?" "மையெல்லாம் பழுத்துப்போச்சு சிகப்பி, அடுக்களையில வச்சா உதிர்ந்துபோகும்." அத்தோடு விட்டுவிட்டாள். ஜெராக்ஸும் கேட்கவில்லை. நான் சமைப்பவள் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை அலமாரியிலிருந்து எடுத்து, பூச்சி அரிக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெள்ளைத் துணியில் சுற்றித் திரும்ப வைக்கிறேன். நாலு முறை. நாலுதானா? ஐந்தாவது ஒன்று இருக்கிறது போலத் தோன்றுகிறது, நினைவு அதைத் தொடுகிறது, நழுவவிடுகிறது. இருக்கட்டும், நாலே போதும்.

ஏன் இப்போது மாற்றிக்கொள்ளக் கேட்கிறாள்? இதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. போன வியாழக்கிழமை தொலைபேசியில், "ஆச்சி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கப்படாது" என்று தொடங்கினாள், அவள் எதைத் தொடங்கினாலும் இப்படித்தான். "அந்தக் கல்லை மாத்திக்குவமா? நல்லது ஒங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு மனசு ஒப்பலை." "ஆறு வருஷமா ஒப்புச்சு, இப்ப என்ன?" "சும்மாதான் ஆச்சி." சிகப்பி சும்மா எதையும் செய்வதில்லை. மனது ஒப்பவில்லை என்பதை நம்பலாம், அவள் அப்படிப்பட்டவள்தான். ஆனால் ஆறு வருடம் ஒப்பிய மனது ஒரு வியாழக்கிழமை ஒப்பாமல் போகுமா? வேறோர் ஆய்வகத்தில் காட்டியிருப்பாளோ? காட்டியிருந்தால் ஊதாச் சாயல் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதைப் படித்துவிட்டு, ஆச்சியிடம் இருப்பதே உயர்ந்தது என்று கணித்து, நல்லது உங்களிடம் இருக்கட்டும் என்று இனிப்பாகச் சொல்லி, அதை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறாளோ? எண்ணும்போதே வாயில் கசக்கிறது. இப்படி எண்ணுகிறவள் யார்? ஆறு வருடம் தன்னைத் தியாகி என்று எண்ணியிருந்தவளேதான். அவளுக்குக் கல் பார்க்கத் தெரியாது, கண்ணாடித் துண்டையும் வைரத்தையும் சேர்த்து வைத்தால் பெரியதை எடுப்பாள். இல்லை, தெரியாது என்பது என் தீர்ப்பு, என் தீர்ப்புகள் என்ன லட்சணத்தில் இருக்கின்றன என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் காதில் ஒற்றைக் கல்லைப் போட முடியாது, மோதிரமாகவும் செய்யவில்லை, நான் மடித்துக் கொடுத்த அதே பொட்டலத்தில் அதே மடிப்போடு இன்று கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு முறையாவது பிரித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். "பிரிச்சா எங்கயாச்சும் தவறிப்போயிருமேன்னு பயந்தான்" என்றாள். ஆக இரண்டு பொட்டலமும் ஆறு வருடம் திறக்கப்படவில்லை. ஒன்று பயத்தால், ஒன்று கர்வத்தால்.

மாற்றிக்கொள்ளலாம். இதோ, இதுதான் அந்த இடம், இங்கேதான் மனம் வந்து வந்து ஒதுங்குகிறது. ஒன்றும் சொல்லாமல் சரி என்று தலையசைத்தால் போதும். உயர்ந்த கல் அவள் கைக்குப் போய்விடும், தாழ்ந்தது என்னிடம் வந்துவிடும், நியாயம் நடந்துவிடும், எவருக்கும் இழப்பில்லை. என் கையெழுத்து பொட்டலத்தின் மேல் அப்படியே நிற்கும். உமையாள் தவறாகப் பார்த்தாள் என்று ஒரு சொல் இந்த உலகத்தில் எழாது. எவ்வளவு சுத்தமான தீர்வு, இவ்வளவு சுத்தமாக இருப்பதே சந்தேகத்துக்குரியது. உள்ளே ஒரு கீற்றுகூட இல்லாத கல்லைக் கண்டால் முதலில் அது செயற்கையா என்று சோதிப்போம். சரி, சோதி. மாற்றிக்கொண்டால் சிகப்பி என்ன நினைப்பாள்? நல்லதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைப்பாள், பழுப்பேறியதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பாள், தான் வைத்திருப்பது உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியாமலே செத்துப்போவாள். அவளுக்குப் பின் அவள் பிள்ளைகள் பொட்டலத்தின் மேல் என் எழுத்தைப் படித்து, பழுப்புச் சாயல் என்ற அந்த இரண்டு சொல்லை நம்பி, யாரிடமாவது தள்ளிவிடுவார்கள். கல் அவளிடம் போகும், சொல் போகாது. எங்கள் தொழிலில் கல் மட்டும் ஒன்றுமில்லை, அதன் மேல் எழுதப்படுகிற சொல்லோடு சேர்ந்துதான் அது கல். இன்னொரு வழியும் இருக்கிறது, அதையும் பார், ஒளிக்காதே: மாற்ற வேண்டாம் சிகப்பி, நல்லது உன்னிடமே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம், கல்லும் என்னிடம் இருக்கும், பெருமையும் என்னிடம் இருக்கும். இந்த வழி எனக்குத் தோன்றியது என்பதை நான் எனக்கே குறித்து வைத்துக்கொள்கிறேன். தோன்றியது. மூன்று வினாடிக்கும் மேலாக அதைப் பார்த்தேன்.

பயமாக இருக்கிறது. சொல்லிப் பார்த்தேன், அந்தச் சொல் என் வாயில் பழக்கமற்ற பல்செட்டைப்போல இருந்தது. கல்லைப் பற்றிய பயமல்ல. இந்தப் பத்து வருடத்தில் நான் வேறு எதையெல்லாம் பார்த்தேன், எதற்கெல்லாம் சாயல் சொன்னேன். மருமகள் முகம் சரியில்லை என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய பால் கெட்டுவிட்டது, நிறமே மாறிவிட்டது என்று கொட்டச் சொன்னேன். ஆத்தாவின் கடைசி நாட்களில் அவர்கள் தோல் மஞ்சளாக இருக்கிறது என்று நான்தான் டாக்டரிடம் சொன்னேன், அவர் பார்த்துவிட்டு அப்படி ஒன்றும் இல்லையே என்றார், நான் அவரை மாற்றினேன். அது அந்த ஐந்தாவது. இல்லை, அது வேறு கணக்கு. ஆத்தா சிரித்தார்கள், "எல்லாத்தையும் நீதான் பாக்கணுமா உமையா?" என்று கேட்டார்கள், நான் ஆமாம் என்றேன். அடுக்களையிலிருந்து நெய்யும் கருப்பட்டியும் சேர்ந்து உருகுகிற மணம் வருகிறது, மணத்துக்குப் புரை விழாது, அது ஆத்தா கிண்டிய கும்மாயத்தின் மணம் அல்ல, ஏதோ ஒன்று குறைகிறது, எது என்று எனக்கு எப்படித் தெரியும். கரண்டி வாணலியைச் சுரண்டுகிற ஓசை நின்றுவிட்டது. கிண்ணத்தில் எடுக்கிறாள். பேனாவை எடு. இன்னொரு முறை சாம்பல் அட்டையைப் பார்க்க வேண்டாம், உனக்குத் தெரியும். என் பொட்டலத் தாளை விரித்தேன். இளஞ்சிவப்பு, பழுப்புச் சாயல். கடைசி இரண்டு சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தேன், சுரண்டாமல், மை தடவி மறைக்காமல், அடியில் இருப்பது தெரியும்படி ஒரே கோடு. ஆய்வகத்தில் திருத்தம் செய்யும் முறை அதுதான். அவள் பொட்டலத் தாளில் ஊதாச் சாயல் என்று சேர்த்தேன். இரண்டிலும் இன்றைய தேதி, கையெழுத்து.

"ஆறுச்சுன்னாக் கல்லாயிரும் ஆச்சி, சூட்டோட சாப்பிடுங்க" என்று கிண்ணத்தோடு வந்தாள். "தள்ளி வை. நெய்க்கையோட இங்க எதையும் தொடாதே. ஒக்காரு." "பள்ளிக்கூடத்துல ஒக்கார வக்கிற மாதிரியே சொல்றிய" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள், அதே நாற்காலி. சொல்ல வேண்டியதை நீட்டக் கூடாது. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு சிகப்பி. நல்ல கல்லு ஒங்கிட்ட இல்லை. எங்கிட்டதான் இருந்துச்சு, ஆறு வருஷமா." அவள் கல்லைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தாள். "ஆப்பரேசன் பண்ணதுல அப்படித் தெரியுதோ என்னமோ?" "இப்பத்தான் சரியாத் தெரியுது. அப்பத்தான் தெரியலை. கண்ணு பழுத்திருந்துச்சு. கோடு போட்டுட்டேன், பாரு." தாளைக் காட்டினேன். படித்தாள், உதடு அசையப் படித்தாள், பிறகு தட்டின் மேல் குனிந்தாள், இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது ஆச்சி." "அப்ப ஒனக்கும் புரை. டாக்டர்கிட்ட நாள் வாங்கித் தர்றேன்." "போன மாசந்தான் பாத்தாக, எம் பார்வை நல்லாத்தான் இருக்குன்னாக" என்றாள், எந்தக் குத்தலும் இல்லாமல். நான் இடப்பக்கத்துக் கல்லை இடுக்கியால் எடுத்துத் திருத்திய பொட்டலத்தில் வைத்து மடித்து அவள் முன் நகர்த்தினேன். "இது ஒன்னோடது." அவள் அதைத் தொடவில்லை. ஏதோ கணக்கு ஒன்றை மனதுக்குள் போட்டுப் பார்ப்பவள்போல இருந்தாள், நெற்றி சுருங்கியது, ஆத்தாவின் நெற்றி. "அப்ப அந்த நோட்டு ஆச்சி?" என்றாள்.

எந்த நோட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், இன்னும் ஒரு வினாடி கிடைத்திருக்கும். "நல்ல கல்லு ஒங்கிட்ட இருக்கு, நோட்டாவது எங்கிட்ட இருக்கட்டும்னு சொன்னியல்ல. அதான், கல்லைத் திருப்பிக் குடுத்துட்டா நோட்டக் கேக்கலாமேன்னு வந்தேன். இப்ப நல்ல கல்லே எங்கிட்ட இல்லைங்கிறிய. அப்ப நோட்டு…" அங்கே நிறுத்தினாள், தன் வாதம் தன்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்று அவளுக்கே வியப்பு. வேறோர் ஆய்வகம், கணிப்பு, இனிப்பான பேச்சு என்று ஒரு மணி நேரம் நான் உருட்டிக்கொண்டிருந்த அனைத்தும் மேசை மேல் சிதறின. உளுந்து எத்தனை பங்கு. வெல்லமா, கருப்பட்டியா. கதவுக்கு அப்பால் அவள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்தேன். அலமாரிச் சாவி எப்போதும் என் இடுப்பில்தான். வெள்ளைத் துணியைப் பிரிக்காமல் அவள் மடியில் வைத்தேன். "பாத்துத் திருப்பு. மை பழுத்திருக்கும், உதிரும்." மடியிலேயே பிரித்தாள், நெய்க்கை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், விரல் எழுத்தின் கீழே ஊர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது. "நாலு பங்கு உளுந்தாம். ஒரு பங்கு பயறு. ஒரு கை பச்சரிசி! நான் அரிசியே போடலை ஆச்சி, அதான் பசபசன்னு இருக்கு. கருப்பட்டி மட்டுந்தான், வெல்லமே கெடையாது, ரெண்டும்னு சொன்னிய?" தவறு என்று சொன்னேன், அன்று இரண்டாம் முறை, முதல் முறையைவிட எளிதாக வந்தது. அவள் நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். "எங்க ஆச்சி பழுத்திருக்கு? மை நீலமாத்தானே இருக்கு." வலது கண்ணை மூடிப் பார்த்தேன், பழுப்பு. இடது கண்ணை மூடினேன். நீலம், நேற்று மாலை ஊற்றிய மையின் நீலம், ஆத்தா உ போடும் அந்தச் சுழி. சாம்பல் அட்டை அருகிலேயே இருந்தது. அதைப் பார்க்காமல், மூன்று வினாடிக்கும் மேலாக, அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.